அன்று பாவாயி பார்த்தது

ஆவணி மழை ஓய்ந்ததும் அந்த மலைத்தடம் நடக்கத் தோதாகிவிடும். கோடையில் காட்டுத்தீக்குப் பயந்து யாரும் ஏறமாட்டார்கள். ஐப்பசி பாதியில் அடைமழை பிடித்துவிடும். நடுவில் கிடைக்கிற சில வாரங்களில்தான் செங்கமலம் காலையில் நடப்பார். கூட வர விரும்புகிறவர்கள் வரலாம்.

அவருக்கு நாற்பது வயது இருக்கும். மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஓட்டு வீட்டில் தனியாக இருந்தார். யாருக்கும் எதையும் கற்றுத் தருவதாக அவர் சொன்னதில்லை. ஆனாலும் அவருடன் ஒரு பருவம் நடந்தவர்கள் அவரைக் குரு என்றே சொன்னார்கள். கேள்வி கேட்டால் சில சமயம் பதில் சொல்வார். சில சமயம் குனிந்து ஓர் இலையைத் திருப்பிக் காட்டுவார். பல சமயம் பேசாமல் நடந்துகொண்டிருப்பார்.

அந்த வருடம் புரட்டாசி பிறந்ததும், அவரைவிட இருபது வயதாவது மூத்த ஒருவர் வந்து வாசலில் நின்றார். வெள்ளைச் சட்டை. காலில் புத்தம்புதுக் கேன்வாஸ் ஷூ. பெயர் தீர்த்தகிரி என்றும், கீழே ஊரில் பம்புசெட் மோட்டார்களுக்குக் காயில் கட்டும் கடை வைத்திருப்பதாகவும் சொன்னார். அதற்குமேல் எப்படி ஆரம்பிப்பதென்று தெரியாமல் நின்றார்.

"பாவாயக்கா வீட்டுக்காரருங்களா?" என்று செங்கமலம் கேட்டார்.

"ஆமாங்க அம்மிணி."

பாவாயி பல வருடங்களாகச் செங்கமலத்துடன் மலை ஏறியவர். போன புரட்டாசியில் இறந்துபோனார். துக்கத்துக்குச் செங்கமலமும் போயிருந்தார். அன்று யார் வந்தார்கள், யார் போனார்கள் என்பது தீர்த்தகிரிக்கு நினைவில்லை.

முற்றத்தில் கிடந்த கல்லில் அவரை உட்காரச் சொல்லிவிட்டுச் செங்கமலம் தண்ணீர் கொண்டுவந்தார். தீர்த்தகிரி குடித்து முடித்து, டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

காயில் கட்டும்போது செம்புக் கம்பியின் சுற்றுகளை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் வாய் திறந்தால் கணக்குத் தப்பிவிடும். தப்பினால் எல்லாவற்றையும் பிரித்து மறுபடி சுற்ற வேண்டும். அதனால் அவர் வேலையில் இருக்கும்போது வீட்டில் யாரும் அவரிடம் பேச்சுக் கொடுப்பதில்லை. பாவாயி மட்டும் மலையிலிருந்து இறங்கி வந்ததும் கடைப் படியில் நின்று, பார்த்ததை இரண்டு வார்த்தையில் சொல்லிவிட்டு உள்ளே போவார். தீர்த்தகிரி தலையை ஆட்டுவார். என்ன சொன்னார் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

கடைசி நாளும் அப்படித்தான். பாவாயி படியில் வந்து நின்றார். "இன்னைக்கு நான் என்ன பாத்தேன் தெரியுங்களா?" என்றார். அவசர வேலை. ஒரு தோட்டத்துக்காரர் மோட்டாருக்காகக் காத்திருந்தார். தீர்த்தகிரி நிமிராமல் இடது கையைத் தூக்கி, இரு என்று காட்டினார். அதற்குமேல் பாவாயி சொன்னாரா, கையைப் பார்த்து நிறுத்திக்கொண்டாரா என்பதுகூட அவருக்குத் தெரியாது. சுற்றை முடித்து நிமிர்ந்தபோது படியில் ஆள் இல்லை. அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று அடுத்த சுற்றை எடுத்தார்.

அன்று மத்தியானம் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பாவாயி விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் கண் விழித்தார். பேச்சு வரவில்லை. கண்ணை விரித்து இவரையே பார்த்தபடி கிடந்து, அப்படியே போய்விட்டார்.

"என்ன பாத்தான்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு வந்தேன்," என்றார் தீர்த்தகிரி.

செங்கமலம் மலைப் பக்கம் பார்த்தார். பிறகு அவர் கையிலிருந்த டம்ளரை வாங்கிக் கீழே வைத்தார்.

"எனக்குத் தெரியாதுங்க ஐயா. அன்னைக்கு எனக்குக் காய்ச்சல். அக்கா தனியாத்தான் மேல போனாங்க."

"உங்ககிட்டயும் சொல்லலீங்களா?"

"சொல்லலீங்க."

தீர்த்தகிரி தன் புது ஷூவைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"வருசா வருசம் இந்த மாசத்துல அதே பூவு, அதே குருவிதானுங்களே வரும்? அவ பாத்தது மேல எங்கயாச்சும் இருக்கும். நானே பாத்துக்கறேன். என்னைக் கூட்டிக்கிட்டுப் போங்க."

"வாங்க," என்றார் செங்கமலம்.

*

முதல் நாட்களில் தீர்த்தகிரி கடைத்தெருவில் உதிரிபாகம் தேடுகிறவரைப் போல நடந்தார். இது இல்லை, அடுத்தது என்று கண் ஓடியது. புது ஷூ குதிகாலைக் கடித்தது. அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

எதைப் பார்த்தாலும் கேட்டார். ஈரப் பாறையில் காசித்தும்பை பூத்து ஊதாவாகக் கிடந்தது. இதுவாக இருக்குமா என்றார். தெரியவில்லை என்றார் செங்கமலம். ஓடைக் கல்லில் மஞ்சள் வயிற்றுக் குருவியொன்று வாலை மேலும் கீழும் ஆட்டியபடி நின்றது. பனிமலைக்கு அப்பாலிருந்து வருகிற வாலாட்டி, இந்த வருடத்துக்கு இதுதான் முதல் ஆள் என்று செங்கமலம் சொன்னார். அப்படியானால் இதுவாகத்தான் இருக்கும் என்றார் தீர்த்தகிரி. தெரியவில்லை என்றார் செங்கமலம்.

மலையணில் ஒன்று கிளை விட்டுக் கிளை தாவியது. காட்டெருமையின் குளம்புத் தடத்தில் தேங்கிய தண்ணீரில் தேனீக்கள் இறங்கிக் குடித்தன. நீல இறக்கைப் பட்டாம்பூச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே திசையில், மேற்கே போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் அதே கேள்வி. ஒவ்வொன்றுக்கும் அதே பதில். செங்கமலத்தின் குரல் மட்டும் நாளுக்கு நாள் தாழ்ந்துகொண்டே போனது.

ஒருநாள் பாதி வழியில் ஒரு கல்லத்தி மரத்தடியில் செங்கமலம் உட்கார்ந்துவிட்டார்.

"மேல போகலீங்களா?"

"இன்னைக்கு இங்கயே இருப்போங்க."

தீர்த்தகிரியும் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் காலை மாற்றி மாற்றிப் போட்டார். இருமினார். கைக்கடிகாரத்தைத் திருகிவிட்டுக்கொண்டார். பனி மெல்ல விலகி, எதிரே இருந்த புதரில் வெயில் விழுந்தது. அதை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் புதரில் ஒரு கொடி தலையைத் திருப்பி அவரைப் பார்த்தது.

பச்சைப் பாம்பு. கை எட்டும் தூரம்.

அவர் நகரவில்லை. அதுவும் நகரவில்லை. "எப்ப வந்துச்சுங்க?" என்று உதடு அசையாமல் கேட்டார்.

"நாம வர்றதுக்கு முன்னாலயே இருக்குதுங்க."

தீர்த்தகிரிக்குச் சிரிப்பு வந்தது. ஒரு வருடத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு.

அன்று இறங்கும்போதுதான் அது நடந்தது. வேலியோரம் செங்காந்தள் படர்ந்திருந்தது. தினமும் பார்த்துப் போகிற கொடிதான். ஒரே கொடியில் ஒரு பூ இளமஞ்சளாக இருந்தது. பக்கத்துப் பூவின் நுனியில் சிவப்பு ஏறியிருந்தது. கீழே ஒன்று முழுக்கச் சிவந்து தீயாக நின்றது. தீர்த்தகிரி சட்டென்று நின்றுவிட்டார்.

"'ஒரே பூவுதானுங்க, நாளுக்கு நாள் வெக்கப்படுது.'"

"என்னங்க?"

"பாவாயி சொன்னது. எந்த வருசம்னு தெரியல. படியில நின்னு சொன்னா." அவர் பூவையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத நான் கேக்கவே இல்லன்னு நெனச்சிட்டிருந்தேன், அம்மா."

அவர் செங்கமலத்தை அம்மா என்று சொன்னது அதுதான் முதல் தடவை. தான் அப்படிச் சொன்னதைத் தீர்த்தகிரியே கவனிக்கவில்லை.

*

அதன்பிறகு ஒவ்வொன்றாக வந்தது. தேடினால் வராது. காட்டில் அந்தந்தப் பொருளைக் காணும்போது தானாக வரும். பள்ளத்தில் கேளையாடு என்கிற சிறு மான் கத்தியபோது, "கொரைக்கறத கேட்டா நாயி, எட்டிப் பாத்தா ஆடு" என்று பாவாயி சொன்னது வந்தது. சிலந்தி வலையில் பனித்துளிகள் கோத்து நின்றபோது, பாவாயி கம்மலைக் கழற்றி வைத்துவிட்டு, "அதுக்கு முன்னால இதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்று சொன்னது வந்தது. பட்டாம்பூச்சிகளைப் பார்த்துவிட்டு வந்த வருடம், "கண்ணாலத்துக்குப் போற மாதிரி வரிசையாப் போவுதுங்க. நம்மளத்தான் யாரும் கூப்புடல" என்று சொல்லியிருக்கிறார். எண்களை முணுமுணுத்துக்கொண்டு கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்த அந்த வருடங்களில், எண்களுக்கு இடையில் எங்கோ அந்தக் குரல் தங்கியிருந்திருக்கிறது.

வந்ததையெல்லாம் அவர் செங்கமலத்திடம் சொன்னார். அவர் சொல்லத் தொடங்கினால் செங்கமலம் நடப்பதை நிறுத்திவிடுவார். ஒரு கால் மேட்டில், ஒரு கால் பள்ளத்தில் இருந்தாலும் அப்படியே நின்று, முழுவதையும் கேட்டுவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பார். ஒருநாள் சிலிர்ப்பான் குருவி ஒன்று கைக்கெட்டும் கிளையில் வந்து உட்கார்ந்தது. தீர்த்தகிரி பேசிக்கொண்டிருந்ததால் செங்கமலம் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஷூ பழகிவிட்டது. குதிகால் ஆறிவிட்டது. இதுவா, இதுவா என்று கேட்பது குறைந்தது. ஆனால் நிற்கவில்லை. கடைசி நாள் வார்த்தை மட்டும் வரவே இல்லை.

"மத்ததெல்லாம் வருதே. அது மட்டும் ஏன் வரமாட்டேங்குது?" என்று கேட்டார்.

செங்கமலம் ஒரு கதை சொன்னார்.

கவுதாரி பிடிக்கிறவன் ஒருவன் இருந்தான். கூண்டில் ஒரு கவுதாரியை வளர்த்தான். அதைக் காட்டில் வைத்துக் கத்தவிட்டு, பதில் குரல் கொடுக்கிற காட்டுக் கவுதாரியைக் கண்ணியில் பிடிப்பான். நல்ல தொழில்காரன். எவ்வளவு தூரத்தில் கத்தினாலும் அவன் காதுக்குக் கேட்டுவிடும். வருடங்கள் போகப் போகக் காடு முழுக்க அவனுக்குக் கவுதாரிச் சத்தம் ஒன்றுதான் கேட்டது. குயில் கூவினால் கேட்காது. ஓடை நிரம்பி ஓடினால் கேட்காது. ஒருநாள் புதருக்குள் பதுங்கி உட்கார்ந்திருந்தான். அவன் மகள் பின்னாலிருந்து அப்பா என்று கூப்பிட்டாள்.

செங்கமலம் அத்துடன் நிறுத்திவிட்டு நடக்க ஆரம்பித்தார்.

தீர்த்தகிரிக்குப் பயமாக இருந்தது. பின்னாலேயே போய்க் கேட்டார். "அந்தப் புள்ளைக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலீங்க. கூப்புட்டுப் பாத்தா. திரும்பிப் போயிட்டா."

*

ஐப்பசி பிறந்தது. காற்று திசை மாறியது. ஒருநாள் விடியலில் மூங்கில் புதருக்குள்ளிருந்து யாரோ இரண்டு தரம் சீட்டியடித்தது போலக் கேட்டது. செங்கமலம் விரலை உதட்டில் வைத்தார். இருவரும் குனிந்து பார்த்தார்கள்.

சருகுகளுக்கு நடுவே குட்டை வாலுடன் ஒரு பறவை தத்திக்கொண்டிருந்தது. முதுகு பச்சை. இறக்கையில் நீலம் மின்னியது. வயிற்றுக்குக் கீழே குங்குமம் கொட்டியது போலச் சிவப்பு. கண்ணுக்குக் குறுக்கே மை இழுத்தது போல ஒரு கறுப்புப் பட்டை. ஒவ்வொரு சருகாகப் புரட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்து நின்று மறுபடி சீட்டியடித்தது.

ஆறுமணிக் குருவி என்று செங்கமலம் மெதுவாகச் சொன்னார். வடக்கேயிருந்து ராத்திரிகளில் பறந்து வந்து, களைத்துப்போய் இறங்கியிருக்கும் என்றார்.

பறவை உள்ளே போய் மறைந்த பிறகும் தீர்த்தகிரி நிமிரவில்லை.

"இதுதான், அம்மா."

செங்கமலம் பறவை போன பக்கம் பார்த்தார்.

"இதேதான். பச்சைன்னு ஏதோ சொன்னா. இப்ப வருது எனக்கு."

"நெசமா வருதுங்களா?"

தீர்த்தகிரி அதை விட்டுவிட்டு வேறு மாதிரிக் கேட்டார். பாவாயி தனியாக மேலே போன அந்த நாளில் இந்தப் பறவை வந்திருக்க முடியுமா, முடியாதா என்றார். சில வருடங்களில் சீக்கிரமே வந்துவிடும், வந்திருக்கலாம் என்றார் செங்கமலம்.

"அப்ப இதுதான்னு நீங்க ஒரு வார்த்த சொல்லிருங்க. நான் நம்பிக்கறேன். அதோட விட்டுடறேன்."

"எனக்குத் தெரியாதுங்களே, ஐயா."

"ஒரே ஒரு வார்த்தைதானே, அம்மா. உங்களுக்கு அதுல என்ன போயிரும்?"

செங்கமலம் கீழே கிடந்த மூங்கில் இலையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். முகம் வாடியிருந்தது. சொல்லிவிடுவார் என்றே தீர்த்தகிரி நினைத்தார்.

"தெரியாதுங்க," என்றார் செங்கமலம்.

தீர்த்தகிரிக்குக் கோபம் வந்தது. வயதான மனிதன் இத்தனை நாள் காட்டில் பின்னாலேயே சுற்றியும் இரக்கம் இல்லையே என்றார். தான் பாவாயி சொன்னதைக் கேட்காமல் போனதற்காகத்தான் இப்படித் தண்டிக்கிறீர்கள் என்றார். பெண்டாட்டி பேச்சைக் கேட்காத ஆம்பிளை ஊரில் தான் ஒருவன்தானா என்றார். குரல் ஏறியதில் மூங்கிலிலிருந்து குருவிகள் பறந்தன.

"உங்களத் தண்டிக்க நான் யாருங்க?" என்று செங்கமலம் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் தீர்த்தகிரியைப் பார்க்கவில்லை.

தீர்த்தகிரி முன்னால் இறங்கிப் போய்விட்டார். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

*

ஊரில் அவர் எல்லோரிடமும் சொன்னார். மோட்டார் கொண்டுவருகிறவர்களிடம் சொன்னார். டீக்கடையில் சொன்னார். என் வீட்டுக்காரி கடைசியாகப் பார்த்தது ஆறுமணிக் குருவி, வடக்கேயிருந்து வருவது, பச்சை முதுகு, சிவப்பு வயிறு என்றார். கேட்டவர்கள் நல்ல சாவு என்றார்கள். சொல்லச் சொல்ல அது நடந்தது போலவே ஆகிவிட்டது. படியில் பாவாயி நின்று அந்தப் பறவையைப் பற்றிச் சொன்னதும், தான் நிமிர்ந்து சிரித்ததும்கூடச் சில சமயம் தெரிந்தது.

தீபாவளிக்கு ஓசூரிலிருந்து மகள் குமுதா வந்தாள். அம்மா இல்லாத இரண்டாவது தீபாவளி. வந்ததும் அவளிடமும் சொன்னார். குமுதா வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பறவை எப்படியிருக்கும், எங்கே இருக்கும் என்றெல்லாம் கேட்கவில்லை. வேறொன்று கேட்டாள்.

"அத வந்து சொல்றப்ப அம்மா மொகம் எப்படிப்பா இருந்துச்சு?"

தீர்த்தகிரி வாயைத் திறந்தார்.

"சிரிச்சுக்கிட்டு இருந்தாங்களா? அந்த ஊதாச் சேலையா கட்டியிருந்தாங்க? நான் பாக்காம போயிட்டேன்ல. அதான் கேக்கறேன்."

அவள் வேறு எதையும் நினைத்துக் கேட்கவில்லை. அம்மாவை ஒருமுறை பார்த்துக்கொள்ள ஆசைப்பட்டாள், அவ்வளவுதான். தீர்த்தகிரி கடைப் படியைப் பார்த்தார். பாவாயி அங்கேதான் நின்றார். குரல் கேட்டது. ஆனால் அன்று தீர்த்தகிரி நிமிரவில்லை. அவர் கண்ணில் இருந்தது செம்புக் கம்பி.

"தெரியலம்மா," என்றார்.

குமுதா அப்பாவை ஒரு கணம் பார்த்தாள். பிறகு குனிந்து வெங்காயத்தை எடுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் ஒரு மோட்டாரைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சுற்ற ஆரம்பித்தார். எண்ணிக்கை தப்பியது. பிரித்துவிட்டு மறுபடி சுற்றினார். மறுபடியும் தப்பியது.

*

மறுநாள் காலை அவர் செங்கமலத்தின் வீட்டுக்குப் போனபோது அடைமழை பிடித்திருந்தது. மலை தெரியவில்லை. தடத்தில் செந்தண்ணீர் இறங்கி வந்துகொண்டிருந்தது. அந்த வருடத்து நடை முடிந்துவிட்டது.

செங்கமலம் அவரை உள்ளே வரச் சொன்னார். துண்டு கொடுத்தார். சுக்குத் தண்ணீர் வைத்துக் கொடுத்தார். கோபித்துக்கொண்டு போனதைப் பற்றி இருவரும் பேசவில்லை. கதவைத் திறந்து போட்டுவிட்டு, சாரல் படாத தூரத்தில் உட்கார்ந்து மழையைப் பார்த்தார்கள்.

"எனக்குப் பச்சைன்னெல்லாம் ஒண்ணும் ஞாபகம் வரல," என்று தீர்த்தகிரி சொன்னார். "நானாத்தான் சேத்துக்கிட்டேன்."

செங்கமலம் தலையசைத்தார்.

மழை கொஞ்சம் குறைந்து மறுபடி வலுத்தது. தீர்த்தகிரி குமுதா கேட்டதைச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, டம்ளரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"அம்மா, அன்னைக்கு நீங்க அவளப் பாத்தீங்களா?"

"பாத்தேங்க."

அவர் நிமிர்ந்தார்.

"மலையிலருந்து எறங்கி நேரா இங்கதான் வந்தாங்க. நீங்க இப்ப வந்தீங்களே, அந்த வழியாத்தான்."

"இத்தன நாளும் சொல்லலியே, அம்மா."

"நீங்க குருவியத்தானே கேட்டீங்க." செங்கமலம் நிறுத்தினார். பிறகு, "அது ஒரு சாக்குங்க. எனக்குச் சொல்ல வாய் வரல," என்றார்.

தீர்த்தகிரிக்கு அது புரியவில்லை. ஆனால் அவர் அதைக் கேட்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்தார். செங்கமலத்தின் பக்கம் முழுவதும் திரும்பி உட்கார்ந்தார்.

"எப்படி இருந்தா?"

செங்கமலம் நிதானமாகச் சொன்னார். ஊதாச் சேலை இல்லை, பழைய மஞ்சள் சேலை. முழங்கால் வரைக்கும் நனைந்திருந்தது. எங்கேயோ புதருக்குள் குனிந்து போயிருக்க வேண்டும். தலை முழுக்கச் சிலந்தி இழை. ஒரு செருப்பு வார் அறுந்து அதைக் கையில் பிடித்திருந்தார். ஓடி வந்தார். அந்த வயதில் அவர் ஓடிச் செங்கமலம் பார்த்ததில்லை. மூச்சு வாங்கியதில் பேச்சு வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. செருப்பைக் கீழே போட்டுவிட்டுச் செங்கமலத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். கை சில்லென்று இருந்தது.

தீர்த்தகிரி ஒன்றையும் விடாமல் கேட்டார். நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் கன்னத்தில் தண்ணீர் இறங்கி மீசையில் நின்றது. துடைக்கவில்லை.

"என்னத்தப் பாத்தாங்களோ, அவ்வளவு சந்தோசங்க," என்றார் செங்கமலம். "எங்கிட்டச் சொல்லத்தான் ஓடி வந்தாங்க. சொல்ல வாயெடுத்தாங்க. நான்தான் வேண்டாம்னேன்."

"ஏன்?"

"எப்பவும் எல்லாத்தையும் எங்கிட்டயே சொல்லித் தீத்துட்டு, உங்களுக்கு ரெண்டு வார்த்தைதான் கொண்டுபோவாங்க. இவ்வளவு சந்தோசத்த நான் வாங்கி வெச்சுக்கிட்டு என்ன பண்றது? ஆறிப்போறதுக்குள்ள வீட்ல போய்ச் சொல்லுங்க, நாளைக்கு நான் கேட்டுக்கறேன்னேன்."

வெளியே ஓட்டுக் கூரையிலிருந்து தண்ணீர் கோடு கோடாக விழுந்துகொண்டிருந்தது.

"அதுக்கு அவ என்ன சொன்னா?"

செங்கமலம் மழையைப் பார்த்தார்.

"'அவரு கேப்பாரா?'ன்னாங்க. 'கேப்பாருக்கா, போங்க'ன்னேன்."